வீட்டில் கழியும் பொழுதும் அல்லாஹ்வின் அருட்கொடையே

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் பெருமானார் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அல்லாஹ் நமக்கு வழங்கியுள்ள நிஃமத்துகளைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நாம் எவற்றைச் சொல்வோம்? சொந்த வீடு, நல்ல வியாபாரம், வெளிநாட்டு வேலை, மகனின் கல்லூரிப் படிப்பு, மகளின் நிக்காஹ், ஹஜ்ஜுக்குச் செல்லும் பாக்கியம் என்று பட்டியலிடுவோம். இவையெல்லாம் பெரிய நிஃமத்துகள்தாம். மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று காலை சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது அடுப்படியிலிருந்து வந்த தேநீர் வாசனையையும், மக்தப் மதரஸாவுக்குப் புறப்படும் சிறுமி தலையில் துப்பட்டாவைச் சரிசெய்யச் சொல்லி நம்முன் வந்து நின்றதையும், திண்ணையில் தஸ்பீஹுடன் அமர்ந்திருந்த வயதான தாயார் "சாப்பிட்டாயா?" என்று கேட்டதையும் நம்மில் எத்தனை பேர் நிஃமத் என்று எண்ணினோம்? எத்தனை பேர் அதற்காக ஒரு முறை அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம்?

தன் அருட்கொடைகளை எண்ணத் தொடங்கினால் மனிதர்களால் எண்ணி முடிக்க இயலாது என்று அல்லாஹ் திருமறையில் கூறுகிறான். எண்ணி முடிக்க இயலாது என்பதற்கு அவற்றின் எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. நாள்தோறும் கிடைப்பதை மனிதன் நிஃமத் என்று கருதுவதே இல்லை. கிடைக்காமல் போகும் நாளில்தான் அதன் அருமை தெரிகிறது. ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மக்களில் பெரும்பாலோர் நஷ்டமடைந்து விடுகிறார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. குடும்பத்தாருடன் ஒரே கூரையின் கீழ் நலமாக இருக்கும் ஒரு மாலை நேரத்தில் அந்த இரண்டு அருட்கொடைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அதைப் பற்றியே இந்த ஜும்ஆவில் சிறிது சிந்திப்போம்.

வீடு ஓர் அத்தாட்சி

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆவது வசனத்தில், உங்கள் வீடுகளை உங்களுக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியவன் தானே என்று அல்லாஹ் நினைவூட்டுகிறான். வீட்டைக் கட்டியவர் கொத்தனார். பணம் கொடுத்தவர் நாம். ஆனால் அதில் அமைதியை வைப்பவன் அல்லாஹ். மூன்று மாடி கட்டி, பளிங்குக் கல் பதித்து, அறைக்கு அறை குளிர்சாதனம் பொருத்திய வீட்டிலும் நிம்மதி இல்லாமல் போவதுண்டு. ஓட்டு வீட்டில் ஆறு பேர் படுத்துறங்கும் இடத்தில் நிம்மதி நிறைந்திருப்பதும் உண்டு. இரண்டையும் நம் மஹல்லாவிலேயே நாம் பார்க்கிறோம்.

அர்ரூம் அத்தியாயத்தில் அல்லாஹ் தன் அத்தாட்சிகளை வரிசையாகக் கூறிக்கொண்டு வருகிறான். மண்ணிலிருந்து மனிதனைப் படைத்தது, வானங்கள் பூமியின் படைப்பு, மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது, இரவு பகலில் உறங்குவது, மின்னல், மழை என்று அந்த வரிசை நீள்கிறது. இவற்றுக்கிடையே, உங்களிலிருந்தே உங்களுக்குத் துணைகளைப் படைத்து, உங்களிடையே அன்பையும் கருணையையும் ஏற்படுத்தியதும் தன் அத்தாட்சி என்கிறான். அது 21ஆவது வசனம். வானங்கள் பூமியின் படைப்பு அதற்கு அடுத்து, 22ஆவது வசனத்தில் வருகிறது. வானத்தைப் பார்த்து ஸுப்ஹானல்லாஹ் சொல்லத் தெரிந்த நமக்கு, எதிரில் அமர்ந்து உணவு பரிமாறும் மனைவியும் அதே வரிசையில் வைக்கப்பட்ட ஓர் அத்தாட்சி என்பது நினைவிருக்கிறதா? சிந்திக்கும் மக்களுக்கு இதில் சான்றுகள் உள்ளன என்றே அந்த வசனம் நிறைவடைகிறது. சிந்திக்க வேண்டுமானால் முதலில் ஏறிட்டுப் பார்க்க வேண்டும். நாமோ கைபேசியைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்து முடித்துவிடுகிறோம்.

பெருமானாரின் இல்லம்

அன்பிற்குரியவர்களே! எனக்கு நேரமில்லை என்று சொல்லும் தகுதி இவ்வுலகில் யாருக்கேனும் இருந்திருக்குமானால், அது பெருமானார் (ஸல்) அவர்களுக்கே இருந்திருக்கும். வஹீ இறங்கிக்கொண்டிருந்த காலம். மதீனாவின் தலைவரும் நீதிபதியும் படைத்தளபதியும் இமாமும் ஆசிரியரும் அவர்களே. நாலா திசையிலிருந்தும் தூதுக்குழுக்கள் வந்த வண்ணமிருந்தன. இரவில் நீண்ட நேரம் நின்று தொழுதார்கள். இவ்வளவுக்கும் இடையில் வீட்டில் அவர்கள் எப்படி இருந்தார்கள்?

இந்தக் கேள்வியை தாபிஈ அஸ்வத் (ரஹ்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமே கேட்டார்கள். குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக வீட்டு வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்துவிட்டால் தொழுகைக்குச் சென்றுவிடுவார்கள் என்று அன்னையவர்கள் விடையளித்தார்கள். புகாரியில் உள்ள இந்த ஹதீஸுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. தொழுகைக்குச் சென்றுவிடுவார்கள் என்ற இரண்டாம் பகுதியை நாம் அடிக்கடி பயான் செய்கிறோம். முதல் பகுதியும் ஸுன்னத்துதான்! வேறு அறிவிப்புகளில், தம் காலணியைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்றும் வந்துள்ளது.

வீட்டிற்குள் நுழைந்ததும் அவர்கள் முதலில் செய்தது மிஸ்வாக்கால் பல் துலக்கியது என்று அன்னையவர்கள் கூறியதை முஸ்லிமில் காண்கிறோம். வெளியே ஒருவரைச் சந்திக்கச் செல்லும்போது நாம் நம்மைச் சீர்செய்துகொள்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்களோ வீட்டாரைச் சந்திப்பதற்கும் அந்தக் கண்ணியத்தைக் கொடுத்தார்கள்.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதை அவர்கள் வெறுத்தார்கள் என்பது பிரசித்தமான ஹதீஸ். அதே நேரத்தில், சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் சிறிய தாயார் அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் ஓரிரவு தங்கியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியாருடன் சிறிது நேரம் உரையாடிவிட்டுப் பிறகு உறங்கியதைக் கண்டு அறிவிக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தொழுகை நேரங்கள் பற்றிய பகுதியில், இரவில் விருந்தினரோடும் குடும்பத்தாரோடும் பேசிக்கொண்டிருப்பது பற்றித் தனிப் பாடமே அமைத்துள்ளார்கள். வெளியாரோடு பேசுவதில் வெறுக்கப்பட்ட நேரம், வீட்டாரோடு பேசுவதற்கு அனுமதிக்கப்பட்ட நேரமாக இருந்தது. நம்மில் சிலருடைய நடைமுறை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. இஷா தொழுதுவிட்டுத் தேநீர்க் கடையில் பதினொரு மணி வரை பேச நமக்குப் பேச்சு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பேச்சு தீர்ந்துவிடுகிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு முறை பதினொரு பெண்கள் ஒன்றுகூடித் தத்தம் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்ட நீண்ட கதையைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். உம்மு ஸர்உ ஹதீஸ் என்று மதரஸாக்களில் ஓதப்படும் அந்த ஹதீஸை விளங்கி முடிக்க மாணவர்களுக்குப் பல நாட்கள் ஆகும். அவ்வளவு நீளம்! பெருமானார் (ஸல்) அவர்கள் இடைமறிக்காமல் முழுவதையும் கேட்டார்கள். கேட்டது மட்டுமின்றி, அந்தக் கதையில் தன் மனைவியை நன்றாக வைத்திருந்த அபூ ஸர்உவைப் போன்று நான் உனக்கு இருக்கிறேன் என்று, கதையோடு இணைத்தே பதிலும் சொன்னார்கள். செவி கொடுத்துக் கேட்டவரால்தான் அப்படிப் பதில் சொல்ல இயலும்.

குழந்தைகளுக்காக நின்ற பெருமானார்

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வைத்து விளையாடுவார். அது இறந்துபோனது. அச்சிறுவரின் வாட்டத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அவரைப் பெரியவரை அழைப்பதுபோல் குன்யத்துப் பெயர் சொல்லி அழைத்து, பறவை என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள். ஒரு குழந்தையின் ஒரு பறவை! உம்மத்தின் கவலையைச் சுமந்த உள்ளத்தில் அதற்கும் இடமிருந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து 60 பயன்களை எடுத்து ஒரு தனி நூலே எழுதினார்கள். வீட்டில் குழந்தையுடன் பேசிய ஒரு நிமிடப் பேச்சில் உலமாக்கள் மார்க்கச் சட்டங்களைத் தேடினார்கள் என்றால், அந்த ஒரு நிமிடம் வீணான நிமிடமா?

தம் பேத்தி உமாமா (ரலி) அவர்களைத் தோளில் சுமந்தபடியே மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். ஸஜ்தாவில் பேரர் முதுகில் ஏறிக்கொண்டபோது ஸஜ்தாவை நீட்டினார்கள். ஏதோ நேர்ந்துவிட்டது என்றோ, வஹீ வருகிறது என்றோ ஸஹாபாக்கள் எண்ணிவிட்டார்கள். பேரர் முதுகில் ஏறியிருந்தார், அவர் விருப்பம் தீரும் முன் அவசரப்படுத்த மனமில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பிறகு விளக்கியதை நஸாயீயில் பார்க்கிறோம். குழந்தையை அவசரப்படுத்த மனமில்லை! நம் வீடுகளில் குழந்தைகள் காலையில் எழுந்தது முதல் கேட்கும் சொல்லே "சீக்கிரம்" என்பதுதான். சீக்கிரம் எழு, சீக்கிரம் குளி, சீக்கிரம் சாப்பிடு, வேன் வந்துவிட்டது.

புகை நிறைந்த அந்த வீடு

சகோதரர்களே! பெருமானார் (ஸல்) அவர்களுடைய இறுதி மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்கள். அக்குழந்தைக்குப் பாலூட்டிய தாயாரின் வீடு மதீனாவின் மேட்டுப் பகுதியில் இருந்தது. அவருடைய கணவர் அபூ ஸைஃப் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். ஆகவே வீடெல்லாம் புகை. பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் அவ்வளவு தூரம் நடந்து சென்று, அந்தப் புகை நிறைந்த வீட்டிற்குள் நுழைந்து, குழந்தையைக் கையிலெடுத்து முத்தமிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இதை அறிவிக்கும் அனஸ் (ரலி) அவர்கள், குடும்பத்தார் மீது அவர்களைவிடக் கருணையுள்ள ஒருவரைத் தாம் கண்டதில்லை என்கிறார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது.

அக்குழந்தை இரண்டு வயதைக்கூட எட்டவில்லை. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பெருமானாரின் கைகளிலேயே அதன் உயிர் பிரிந்தது. கண்களில் நீர் வழிந்தது. கண் அழுகிறது, உள்ளம் துயரப்படுகிறது, ஆயினும் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்னும் கருத்துப்பட அவர்கள் கூறினார்கள்.

இப்போது அந்த நடைப்பயணங்களை எண்ணிப் பாருங்கள். தூரம் அதிகம், வேலை அதிகம், புகை வேறு, அடுத்த மாதம் போய்ப் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் அந்தக் குழந்தையை எத்தனை முறை பார்த்திருக்க முடியும்? இருந்ததே சில மாதங்கள். நம் வீட்டிலிருப்பவர்களில் யாருக்கு எவ்வளவு தவணை என்பதை நாம் அறிவோமா? நமக்கு எவ்வளவு தவணை என்பதைத்தான் அறிவோமா?

கடல் கடந்த சம்பாத்தியம்

ஹலாலான சம்பாத்தியம் இபாதத். குடும்பத்துக்குச் செலவிடும் தீனாருக்கே அதிக நன்மை என்று முஸ்லிமில் ஹதீஸ் வந்துள்ளது. எனவே அதிகாலையில் கடை திறந்து இரவில் பூட்டும் வியாபாரியையோ, வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் சகோதரனையோ குறைகூறுவது நமது நோக்கமல்ல. அவர்களின் வியர்வையில்தான் நம் ஊர்களில் எத்தனையோ வீடுகள் எழும்பின. எத்தனையோ குமர்கள் கரையேறினர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

ஆனால் இதையும் கவனியுங்கள். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிச் செய்யும் எந்தச் செலவுக்கும் கூலி உண்டு, மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். உணவு வாங்கிக் கொடுப்பதற்கு நன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். வாயில் ஊட்டுவதைச் சொன்னார்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிடலாம். கவளத்தை அப்படி அனுப்ப இயலாது. அதற்குப் பக்கத்தில் அமர வேண்டும்.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் சில இளைஞர்களும் மார்க்கம் கற்க மதீனா வந்து 20 இரவுகள் தங்கினார்கள். பெருமானாரின் சபை! உலகில் அதைவிடச் சிறந்த சபை ஏது? ஆயினும் அவர்கள் வீட்டை நினைத்து ஏங்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்களே உணர்ந்து, ஊரில் யாரையெல்லாம் விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுடன் தங்கி, கற்றதை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, வந்த காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புங்கள் என்றும் அறிவுறுத்தினார்கள். இவ்விரண்டும் புகாரியில் உள்ளவை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், எல்லையில் போரிடும் வீரரைக் குடும்பத்தைப் பிரிந்து நீண்ட காலம் இருக்கவிடக் கூடாது என்று கால வரம்பு விதித்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. இஸ்லாமியப் படைக்கே அந்த வரம்பு! நாமோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பு என்பதை வாழ்க்கையாக்கிக்கொண்டோம். அந்த இரண்டு மாதத்திலும் கல்யாண வீடு, மனை விற்பனை, நண்பர்கள் என்று வெளியிலேயே சுற்றிவிட்டு விமானம் ஏறுகிறோம்.

வளைகுடாவில் 22 ஆண்டுகள் உழைத்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பிய ஒரு சகோதரர், சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னிடம் வந்தார். ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்பியவர்களின் மகன் அவர். அவர் சென்ற காலத்தில் தொலைபேசி அட்டை வாங்கி நிமிடக் கணக்கில் பேசினார்கள். "ஹஜ்ரத்! மகன் என்னிடம் பேசுவதில்லை. நான் கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். அவன் அம்மாவிடம் சிரித்துப் பேசுகிறான். நான் நடைக்குள் வந்தால் எழுந்து அறைக்குள் போய்விடுகிறான். யாருக்காக நான் உழைத்தேன்?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது.

தொலைபேசியில் மகனிடம் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். சிறிது யோசித்தார். "பணம் வந்ததா? மார்க் எவ்வளவு? தொழுதாயா?" என்றார். மூன்றும் அவசியமான கேள்விகள்தாம். ஆனால் மூன்றும் கணக்குக் கேட்கும் கேள்விகள். அந்தப் பையன் தன் தந்தையை 22 ஆண்டுகளாகக் கணக்குக் கேட்கும் குரலாகவே அறிந்திருந்தான். அவன் வளர்த்த புறா என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதில்லை.

அவரிடம் பெரிய உபதேசம் எதுவும் நான் செய்யவில்லை. மகனை உட்கார வைத்துப் பேச வேண்டாம், அவன் செய்யும் வேலையில் கூடவே இருங்கள் என்றேன். அவன் வண்டியைத் துடைத்தால் வாளியில் தண்ணீர் எடுத்து வையுங்கள். கடைத்தெருவுக்குப் போனால் பின்னால் உட்கார்ந்து போங்கள். கேள்வி கேட்காதீர்கள். இரவுச் சாப்பாட்டை அவன் வரும்வரை தள்ளிப்போடுங்கள். அவர் அப்படியே செய்தார். முதல் இரண்டு மாதங்கள் ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் சுபுஹுக்கு இருவரும் ஒரே வண்டியில் வந்திறங்கியதைப் பார்த்தேன். இன்றும் அந்தப் பையன் அதிகம் பேசுகிறவன் அல்லன். ஆனால் தந்தைக்கு உடல்நலம் குன்றியபோது மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்தவன் அவன்தான். இழந்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை. இருக்கின்ற ஆண்டுகளை அல்லாஹ் கொடுத்தான்.

இபாதத்துக்கு இடையூறா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். உங்கள் செல்வங்களும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் நினைவிலிருந்து உங்களைத் திருப்பிவிட வேண்டாம் என்று அல்முனாஃபிகூன் அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரித்துள்ளானே, நீங்கள் குடும்பத்தோடு உட்காரச் சொல்கிறீர்களே என்று கேட்கலாம்.

இதே கவலை ஹன்ளலா (ரலி) அவர்களுக்கும் வந்தது. பெருமானாரின் சபையில் சொர்க்கமும் நரகமும் கண்முன் தெரிவது போன்றிருக்கிறது, வீட்டுக்குச் சென்று மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்துவிட்டால் பலவற்றை மறந்துவிடுகிறோம், நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று அஞ்சி வந்து முறையிட்டார்கள். எப்போதும் அந்த ஒரே நிலையில் இருந்தால் வானவர்களே உங்களுடன் முஸாஃபஹா செய்வார்கள், ஆயினும் ஹன்ளலாவே, இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். வீட்டில் கழியும் நேரத்தை நயவஞ்சகம் என்று அவர்கள் சொல்லவில்லை.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, அவர்களின் துணைவியார் தம்மைக் கவனிக்காமல் வாடியிருந்ததை ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் கண்டார்கள். இறைவனுக்கும் உமது ஹக்கு உண்டு, உடலுக்கும் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு, ஒவ்வொருவரின் ஹக்கையும் அவரவருக்குக் கொடுத்துவிடும் என்று திருத்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அதை உறுதிப்படுத்தினார்கள். நஃபில் வணக்கத்துக்காகவே குடும்பத்தின் ஹக்கைக் குறைக்கக் கூடாது என்றால், ஜமாஅத் கூட்டம், சங்கத் தேர்தல், கிரிக்கெட், கைபேசி ஆகியவற்றுக்காகக் குறைக்கலாமா? பள்ளிவாசல் நிர்வாகத்திலும் தீன் பணியிலும் ஈடுபட்டுள்ள சகோதரர்களும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். மறுபுறம், குடும்பத்தைக் காரணம் காட்டித் தொழுகையை விடுபவர் அந்த வசனத்தின் எச்சரிக்கைக்கு உள்ளாவார். வீட்டு வேலையில் இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்றதை மறக்கலாகாது. நிய்யத் சரியாக இருந்தால் சோறு ஊட்டுவதும் ஸதகா, சிரித்துப் பேசுவதும் ஸதகா.

ஒரே ஸஹனில்

சாப்பிடுகிறோம், வயிறு நிறைவதில்லையே என்று சில தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் தனித்தனியாகச் சாப்பிடுகிறீர்கள் போலும், ஒன்றுகூடி அமர்ந்து அல்லாஹ்வின் பெயர் சொல்லிச் சாப்பிடுங்கள், பரக்கத் உண்டாகும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். நம் முன்னோர் இந்த ஸுன்னத்தை ஸஹன் சாப்பாடாகவே வளர்த்து வைத்தார்கள். சுப்ராவை விரித்து, ஒரு ஸஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்ணும் அந்த வழக்கம் இன்று கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே என்றாகிவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு திரை.

பெருமானாரின் பராமரிப்பில் வளர்ந்த உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது உணவுத் தட்டில் அவர்களின் கை அங்குமிங்கும் சென்றது. பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உனக்கு அருகிலிருப்பதிலிருந்து சாப்பிடு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அதன்பின் தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாடம் கிடைத்த இடம் எது? ஒரே தட்டு. கூடவே அமர்ந்து சாப்பிடாதிருந்தால் அந்தச் சிறுவரின் கை எங்கே போகிறது என்பது எப்படித் தெரிந்திருக்கும்? நம் பிள்ளைகளின் கையும் கண்ணும் மனமும் எங்கே போகின்றன என்பது தெரிய வேண்டுமானால், ஒரு வேளையாவது அவர்களோடு அமர வேண்டும்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு அமலானதை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஏப்ரல் 25 அன்று ஹிஜ்ரி 1441இன் ரமளான் பிறந்தபோது பள்ளிவாசல் கதவுகள் மூடியிருந்தன. அந்த வேதனை இமாம்களாகிய எங்களுக்குத் தெரியும். எத்தனையோ குடும்பங்கள் அப்பெருந்தொற்றுக் காலத்தில் உற்றாரை இழந்தன. சிலருக்கு ஜனாஸாவில் கலந்துகொள்ளும் வாய்ப்பும் கிட்டவில்லை. அந்தச் சோதனைக்குள்ளும் அல்லாஹ் ஒன்றைக் காட்டினான். எத்தனையோ வீடுகளில் தந்தை முன்னே நிற்க, பிள்ளைகளும் தாயும் பின்னே நின்று முதன்முறையாகத் தராவீஹ் தொழுதார்கள். பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி வீட்டு அடுப்பில் காய்ச்சப்பட்டு, எல்லோரும் ஒன்றாக அமர்ந்து நோன்பு திறந்தார்கள். தமக்குத் தெரிந்த சூராக்கள் எவ்வளவு குறைவு என்று பல தந்தையருக்கும், தம் அத்தாவுக்கு இவ்வளவு அழகாகக் கிராஅத் ஓத வரும் என்று பல பிள்ளைகளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கதவுகள் திறந்தன, பள்ளிகள் நிறைந்தன, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த வீட்டுச் சபை எங்கே போயிற்று?

திண்ணையில் இருப்பவர்கள்

குடும்பம் என்றதும் மனைவி மக்களோடு நின்றுவிடக் கூடாது. ஃபாத்திமா (ரலி) அவர்கள் வந்தால் பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து, முத்தமிட்டு, தம் இடத்தில் அமரச் செய்வார்கள். பெருமானார் சென்றால் ஃபாத்திமா (ரலி) அவர்களும் அவ்வாறே செய்வார்கள். வயோதிகத் தாய் தந்தைக்கு மாத்திரை வாங்கி வைத்துவிட்டோம், மின்விசிறி மாட்டிவிட்டோம், பணியாள் வைத்துவிட்டோம் என்று நிம்மதியடைகிறோம். அவர்கள் எதிர்பார்ப்பது நாம் பத்து நிமிடம் கட்டிலோரத்தில் உட்கார்வதை. முன்பு நூறு முறை சொன்ன அதே கதையை நூற்றோராவது முறையாகவும் அவர்கள் சொல்வார்கள். கேளுங்கள்! நம் மழலையில் ஒரே சொல்லை நாம் ஆயிரம் முறை சொன்னபோது அவர்கள் கேட்டார்கள்.

ஜனாஸா வீடுகளுக்குச் சென்று வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். கபரில் மண் போட்டுவிட்டுத் திரும்பும் பிள்ளைகள், அத்தாவுக்கு இன்னும் பெரிய வீடு கட்டிக் கொடுக்கவில்லையே என்று அழுது நான் பார்த்ததில்லை. போன வாரம் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள், அப்புறம் வருகிறேன் என்றேன் என்று சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்றே தொடங்குவோம்

அன்புச் சகோதரர்களே! இதை வாசிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! இதற்குப் பெரும் பணமோ நீண்ட விடுமுறையோ தேவையில்லை. வீட்டில் நுழையும்போது ஸலாம் சொல்லி, கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, வீட்டாரின் முகத்தைப் பார்ப்போம். ஒரு வேளை உணவையேனும் எல்லோரும் ஒரே சுப்ராவில் அமர்ந்து உண்போம்; அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் கைபேசியும் ஓய்ந்திருக்கட்டும். பிள்ளைகளிடம் நாள்தோறும் கணக்குக் கேட்காத ஒரு கேள்வியாவது கேட்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அழைக்கும்போது பணத்தைப் பற்றிப் பேசும் முன் வீட்டில் இன்று என்ன சமைத்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களும், தேவைகளைச் சொல்வதற்கு முன் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவர்களைக் கேளுங்கள். இரவு உறங்கும் முன், எல்லோரும் நலமாக ஒரே கூரையின் கீழ் படுத்திருக்கும் அந்த நேரத்தில், ஒரு முறை மனதார அல்ஹம்துலில்லாஹ் சொல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் துணைகளையும் சந்ததிகளையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கித் தருவாயாக! பிரிந்து வாழும் குடும்பங்களை நலமாக ஒன்று சேர்ப்பாயாக! பேச்சற்றுப் போன வீடுகளில் அன்பையும் கருணையையும் மீண்டும் நிறைத்தருள்வாயாக! எங்கள் தாய் தந்தையரில் உயிருடன் இருப்பவர்களுக்கு ஆஃபியத்தையும், மறைந்தவர்களுக்கு மஃக்பிரத்தையும் வழங்குவாயாக! இவ்வுலகில் ஒரே ஸஹனில் அமர்த்திய எங்களை நாளை சுவனத்திலும் ஒன்றாக அமர்த்துவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!